புஷ்பத்தின் குளிசைக் கொப்பி

“திங்கள். காலை. ரொட்டி. தேத்தண்ணி. குளிசை போட்டேன்.
செவ்வாய். காலை. ரொட்டி. தேத்தண்ணி. குளிசை போட்டேன்.
புதன். காலை. ரொட்டி. தேத்தண்ணி. குளிசை போட்டேன். வாந்தி. பின்னேரம் தேத்தண்ணி. குளிசை போட்டேன்.”

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றின் முதல் பக்கத்திலிருந்து இதை எடுத்து எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன். கிழமைகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. தேதி இல்லை, மாதம் இல்லை, ஆண்டும் இல்லை. எதை எடுத்தாலும் முதலில் தேதியைத் தேடுகிற என் போன்றவளுக்கு இது ஒரு சோதனைதான்.

இது முதலில் என் கைக்கு வந்தபோது நான் மூக்குக்கண்ணாடி போடத் தொடங்கிவிட்டிருந்தேன் என்பது நினைவிருக்கிறது. தோட்டத்து மருந்தகக் கூரைக்குப் புதுத் தகரம் அடித்திருந்தார்கள் என்பதும் நினைவிருக்கிறது. ஆகவே தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அதற்கு மேல் கிட்ட நெருங்க முடியவில்லை.

அன்று அந்தப் புதுத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கர்ப்பிணித் தாய்மார் பத்துப் பன்னிரண்டு பேர் நீள வாங்குப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் கம்பளியின் மணமும் கொழுந்துப் பாலின் பச்சை வாசனையும் அறை முழுக்க. வரிசையில் புஷ்பத்தின் முறை வந்தது. நாற்காலியில் அவர் உட்காரவில்லை. மடியிலிருந்து பொலித்தீன் பை ஒன்றை எடுத்தார். அதற்குள் இன்னொரு பொலித்தீன். அதற்குள் இந்தக் கொப்பி. என் மேசையில் வைத்தார்.

“படிச்சுப் பாருங்க மிஸி. படிச்சிட்டு அப்புறமா ஏசுங்க.”

ஒரு திருத்தம்

மேலே போவதற்கு முன் ஒன்று. தெமோதரை நிலையத்தில் இறங்கித் தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தேன். லுணுகலையிலிருந்து ஒரு வாசகர், தாம் அந்தப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்ததாக எழுதியிருக்கிறார். அவர் வண்டிப் பாதையில் போயிருக்கிறார். நான் சொன்னது தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை. இரண்டுமே சரி என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதாக இருந்தேன். பதுளை நகரத்தில் பிறந்து வளர்ந்து, பயிற்சி முடித்து, மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில் குடியேறியவள். ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போவேன். காலையில் கோவில் பூசை, பிறகு அம்மா கையால் சோறு. சனிக்கிழமையே போக முடிந்தால் நூலகத்தில் இரண்டு புத்தகம். லயங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருந்த பெண்கள் எல்லோருக்கும் நான் ‘மிஸி’. அவர்களில் பெரும்பாலோரை நான் ‘நீ’ என்றுதான் அழைத்தேன். இந்தக் கட்டுரையில் புஷ்பத்தை ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று அப்படி இல்லை என்பதும் பதிவாகட்டும்.

சிவப்பு அட்டை

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த இரத்தப் பரிசோதனை எளிமையானது. விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. வெள்ளை ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு. காய்ந்ததும், கட்டம் கட்டமாகச் சிவப்பு அச்சிட்ட ஓர் அட்டையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேல் கட்டம் செம்பருத்தி நிறம். கீழே வர வர வெளிறி, கடைசிக் கட்டம் கழுவின துணியில் தங்கிவிட்ட கறை மாதிரி இருக்கும்.

புஷ்பத்தின் சொட்டு கடைசிக்கு முந்திய கட்டத்தில் நின்றது. அடுத்த மாதமும் அங்கேயே. அதற்கடுத்த மாதமும் அங்கேயே.

எனக்குப் பயம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய முதல் குழந்தை ஏழாம் மாதமே பிறந்து, ஒரு பகலும் ஓர் இரவும் இருந்துவிட்டுப் போய்விட்டது. அப்போதும் நான்தான் மருத்துவமாது. இந்த முறையும் இரத்தம் இப்படியே இருந்தால் குழந்தைக்கும் ஆபத்து, பேற்றின்போது இரத்தம் போனால் தாய்க்கும் ஆபத்து. வாரம் தவறாமல் இரும்புச் சத்துக் குளிசை கொடுத்துக்கொண்டிருந்தேன். இரத்தம் ஏறவில்லை என்றால் அவர் அதை விழுங்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. அந்தச் சிவப்புக் குளிசை சிலருக்குக் குமட்டும், மலத்தைக் கறுப்பாக்கும். பயந்துபோய்த் தூர எறிந்தவர்கள் உண்டு. தொங்கல் லயத்துக்குப் பின்னால் கழிவுநீர் ஓடும் கானில் ஒரு கைப்பிடிக் குளிசை ஊறிக் கரைந்துகொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

ஆகவே அந்த மூன்றாம் மாதம், எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டேன்.

“குடுக்கிற குளுசையக் கானுக்குள்ள கொட்டிட்டு, திரும்பத் திரும்ப வந்து கைய நீட்டுறியா?”

“இல்லீங்க மிஸி. தெனமும் போடுறேங்க. மாதா சத்தியமா.”

“சத்தியம் பண்ணினா இரத்தம் ஏறுமா?”

வாங்கிலிருந்து காளியம்மா குறுக்கே வந்தார். நான்காவது பிள்ளை வயிற்றில், வாய்க்கு ஓய்வில்லாதவர். “அது போடுது மிஸி. பக்கத்து காம்பராதானே, நான் கண்டிருக்கேன். நான்தான் சில நாளைக்கு மறந்துட்டுப் போயிருவேன். என்னைய ஏசுங்க.”

“ஒன்னையும் ஏசத்தான் போறேன். பொறு.” பிறகு புஷ்பத்திடம் திரும்பி அதைச் சொன்னேன். “நீ போடுறேன்னு நான் எப்படி நம்புறது? எழுதிக் கிழுதி வச்சிருக்கியா?”

புஷ்பம் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்பது எனக்குத் தெரியும். அவருடைய கர்ப்பிணி அட்டையில் கைநாட்டு வாங்கியவளே நான்தான். தெரிந்துதான் கேட்டேன். அவர் எழுந்து போனார். வெளியே கம்பளியைத் தலைக்குப் போட்டுக்கொள்ள அவருக்கு வழக்கத்தை விட நேரம் எடுத்தது.

பத்து வார்த்தைகள்

பிள்ளைக் காம்பரா என்று தோட்டத்தில் சொல்வோம். தாய்மார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம். வாரத்தில் இரண்டு பின்னேரம், குழந்தைகள் போன பிறகு, அங்கே பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடந்தது. நடத்தியவள் ஸ்டெல்லா. கங்காணியின் மகள், உயர்தரம் வரை படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். குழந்தைகள் உட்காரும் ஒரு முழ உயரப் பெஞ்சில் ஆறேழு பெண்கள் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து எழுதுவார்கள். நான் ஓரிரு முறை எட்டிப் பார்த்ததுண்டு. நல்ல காரியம் என்று நினைத்ததுண்டு. என் வேலைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நினைத்ததில்லை.

நான் சத்தம் போட்ட அந்த வாரமே புஷ்பம் அங்கே போயிருக்கிறார். இதைப் பிற்பாடு ஸ்டெல்லா எனக்குச் சொன்னாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

“‘அ’ன்னாவுலேர்ந்து வேணாம் டீச்சர்” என்றாராம் புஷ்பம். “அதுக்கெல்லாம் நாள் இல்ல. வயித்துப் புள்ள காத்துக்கிட்டிருக்காது. எனக்கு ரொட்டி, தேத்தண்ணி, குளுசை. இந்த மூணையும் எழுதப் பழக்கி விடுங்க.”

“என்னைக்குன்னு எழுத வேணாமாக்கா? கெழமை ஏழும் வேணுமே.”

புஷ்பம் விரல் விட்டுப் பார்த்தாராம். “அப்ப பத்து. பத்து வார்த்தை போதும்.”

பத்தோடு நிற்கவில்லை. ‘காலை’ வேண்டியிருந்தது, ‘போட்டேன்’ வேண்டியிருந்தது. ‘வாந்தி’யை எழுதித் தரக் கேட்டபோது ஸ்டெல்லா சிரித்துவிட்டாளாம். “சிரிக்காதீங்க டீச்சர். வாந்தி எடுத்ததையும் எழுதாட்டி மிஸி நம்பாது.”

வகுப்பு நாட்களில் அடுப்பைப் பார்த்துக்கொண்டது கணவர் செல்வராஜ். அவருக்கும் எழுத்து வாசனை கிடையாது. முதல் பக்கம் எழுதி முடிந்ததும் விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல எம் பேரு எங்க இருக்கு?” என்று கேட்டாராம். “நீங்க குளுசை போட்டா எழுதுறேன்” என்றாராம் இவர்.

வாசித்தேன்

இனி மேசைக்குத் திரும்புகிறேன். கொப்பி முன்னால் கிடக்கிறது. மழை. பத்துப் பன்னிரண்டு சோடிக் கண்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். குற்றம் பிடிக்கத்தான் வாசிக்கத் தொடங்கினேன். தேதி இல்லாவிட்டாலும் கிழமைகளை எண்ணலாம். ஒரே மூச்சில் குந்தி எழுதியதா என்று மையைப் பார்த்தேன். இல்லை. பேனை ஓரிடத்தில் தீர்ந்து பென்சிலுக்கு மாறியிருந்தது. ஓரிடத்தில் மசாலைக் கறை. ஐந்தாம் பக்கத்தில் மட்டும் ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் “குளிசை இல்லை” என்றிருந்தது. எழுந்துபோய் மருந்துப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த வாரம் மருந்தகத்தில் குளிசை தீர்ந்துபோய், எல்லோருக்கும் குறைத்துத்தான் கொடுத்திருந்தேன்.

கொப்பி பொய் சொல்லவில்லை. அப்படியானால் இரத்தம் ஏன் ஏறவில்லை?

மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தேன். இந்த முறை குளிசையைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த சொல்லைப் பார்த்தேன். தேத்தண்ணி. அடுத்த வரி, தேத்தண்ணி. பக்கத்தைத் திருப்பினால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்ட மாதிரி தேத்தண்ணி, தேத்தண்ணி, தேத்தண்ணி.

“குளுசைய எதோட முழுங்குறே?”

“தேத்தண்ணியோடதாங்க.”

“தண்ணியோட போட்டா என்ன?”

புஷ்பம் என்னை விநோதமாகப் பார்த்தார். “நீங்கதானே மிஸி சொன்னீங்க? கொதிக்காத தண்ணி ஒரு சொட்டும் வாய்க்குள்ள போகக்கூடாதுன்னு. எங்க காம்பராவுல கொதிச்ச தண்ணின்னா அது தேத்தண்ணிதாங்க.”

வாங்கில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும்.

என் பிரசங்கம்

ஆம், நான்தான் சொன்னேன். அதற்கு முந்திய ஒரு மழைக்காலத்தில் தோட்டத்தில் வயிற்றோட்டம் பரவியது. குழந்தைகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் லயம் லயமாக ஏறி இறங்கினேன். படம் வரைந்த அட்டையை லயத்து முன்திண்ணையான ஸ்தோப்பில் தொங்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் நெளிகிற புழுக்களைக் காட்டினேன். நன்றாகப் பேசினேன் போலிருக்கிறது. வயிற்றோட்டம் அடங்கியது. பச்சைத் தண்ணீர் என்றால் குழந்தைகள் அழும் நிலை வந்தது. இன்றும் அதைப் பற்றி எனக்குச் சிறு பெருமை உண்டு.

ஆனால் ஒரு விறகுக் கட்டு எத்தனை முறை எரியும் என்று நான் யோசிக்கவில்லை. காம்பராவில் கேத்தல் ஒரு நாளில் இரண்டு தரம் கொதிக்கும். விடியற்காலம் பெரட்டுக்கு, அதாவது பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போவதற்கு முன் ஒன்று. பின்னேரம் வந்ததும் ஒன்று. இரண்டும் தேத்தண்ணிக்கே. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, ஒரு நக்கு, ஒரு மிடறு. வெந்நீரை வெறுமனே குடிப்பது காய்ச்சல்காரர்கள் செய்கிற வேலை. நான் ஒரு பாடம் சொன்னேன், அதைக் கேட்டார்கள். இன்னொரு பாடம் சொன்னேன், அதையும் கேட்டார்கள். இரண்டையும் ஒரே கோப்பைக்குள் போட்டு விழுங்கினார்கள்.

அன்று கிளினிக் முடிந்ததும் குவாட்டர்ஸுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். பயிற்சிக் காலத்துக் குறிப்புகள் பாச்சை உருண்டை வாசனையோடு அடியில் கிடந்தன. தேடிய பக்கம் கிடைத்தது. என் கையெழுத்து. “தேநீரும் கோப்பியும் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். குளிசையோடு கொடுக்கக் கூடாது.” சிவப்பு மையில் அடிக்கோடு. ஓரத்தில் ஒரு சரி அடையாளம். பரீட்சையில் வந்து, சரியாக எழுதியிருக்கிறேன்.

புள்ளி கிடைத்தது. பிறகு தேயிலைத் தோட்டத்தில் வந்து இத்தனை ஆண்டுகள் வேலை செய்தேன். அந்த வரி பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

பங்காளிச் சண்டை

அடுத்த கிளினிக் நாளில், அதே வாங்கில் அதே பெண்கள் உட்கார்ந்திருக்க, சொன்னேன். “புஷ்பம், நீங்க சொன்னது நெசம். பெசகு என்னோடது.” என் வாயில் ‘நீங்க’ வந்தது அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். முந்தானையைச் சரிசெய்தார்.

காளியம்மாதான் அறையை மீட்டார். “ஏன் மிஸி, தேத்தண்ணிக்கும் குளுசைக்கும் என்ன பங்காளிச் சண்டை?”

“சண்டைதான். ரெண்டும் ஒண்ணா உள்ள போனா குளுசை தோத்துப் போகுது.”

“அப்ப ரெண்டையும் ஒரே காம்பராவுல குடி வைக்கப்படாது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “தோட்டத்துக்குள்ளயே தேத்தண்ணி குடிக்காதீங்கன்னு சொல்றீங்க. தொரை காதுல விழுந்தா உங்களையும் கொழுந்தெடுக்க அனுப்பிருவாரு.”

தேத்தண்ணியை விடச் சொன்னால் யாரும் விடப்போவதில்லை. நானும் விடமாட்டேன். நேரத்தைத்தான் பிரிக்க வேண்டும். எந்த நேரம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே புஷ்பம் வழி சொன்னார்.

“மத்தியானம் கொழுந்து நிறுத்துட்டுப் புள்ளைகளைப் பாக்கப் போறவங்களோட நாங்களும் எறங்கலாம்ல? பிள்ளைக் காம்பராவுல பால் கலக்க வெந்நி கொதிச்சுக்கிட்டேதான் இருக்கு.”

அவ்வளவுதான். புதிதாக ஒரு விறகுக் குச்சியும் தேவைப்படவில்லை. மறுநாளிலிருந்து நண்பகலில், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா ஒரு சட்டியில் ஆறவைத்த வெந்நீரும், நாலாக வெட்டிய தேசிக்காயும் வாசலில் வைத்தார். புளிப்பு இரும்பை உடலில் சேர்க்க உதவும். அதுவும் என் குறிப்பில் இருந்தது. கர்ப்பிணிகள் வரிசையாக வந்து விழுங்கிவிட்டுப் போனார்கள். “புள்ளைக்குப் பாலு, ஆத்தாளுக்குக் குளுசை, ஆயாம்மாவுக்கு ரெட்டைச் சம்பளம்” என்று காளியம்மா தினமும் சொல்வார். ஆயாம்மா தினமும் கரண்டியை ஓங்குவார்.

கொப்பியில் அந்த நாள் தெரிகிறது. “வியாழன். மத்தியானம். வெந்நி. குளிசை போட்டேன்.” ‘தேத்தண்ணி’ ஒரு வரி கீழே இறங்கித் தனியாக நிற்கிறது.

அடுத்த மாதம் ஒற்றுத்தாள் காய்வதற்குள் நான் அட்டையைத் தூக்கிவிட்டேன். ஒரு கட்டம் ஏறியிருந்தது. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. புஷ்பம் அட்டையைத் தன் கையில் வாங்கி, தன் சொட்டை ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் வைத்து வைத்துப் பார்த்தார். நான் சொன்னதை அவர் உடனே ஏற்கவில்லை. தானே ஒப்பிட்டு முடித்த பிறகுதான் சிரித்தார். அந்த மாதங்களில் பூச்சி மருந்தும் கொடுத்திருந்தேன், கீரையும் சாப்பிடச் சொல்லியிருந்தேன். ஆகவே எல்லாம் வெந்நீரால்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கம்: “வெள்ளி. பதுளை ஆஸ்பத்திரி. பொம்பளைப் பிள்ளை. நல்ல சிவப்பு.”

நிறைமாதம். இந்த வரியில் உள்ள சொற்களில் வெள்ளியைத் தவிர எதுவும் அந்தப் பத்தில் இல்லை.

கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும்

குழந்தைக்கு ஊசி போடக் கொண்டுவந்த ஒரு நாள், எல்லோரும் போன பிறகும் புஷ்பம் வாங்கிலேயே இருந்தார். பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டேன்.

“மொதப் புள்ளைக்கும் நீங்க இதே குளுசைதானே குடுத்தீங்க மிஸி?”

“ஆமா.”

“நான் அப்பவும் தேத்தண்ணியிலதான் போட்டேன்.”

அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆனால் அது கேள்விதான். ஏழாம் மாதத்தில் குழந்தை பிறக்க எத்தனையோ காரணங்கள் உண்டு. இரத்தக் குறைவு அவற்றில் ஒன்று. அப்போது அவர் இரத்தம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று தெரிந்தால் ஏதாவது சொல்லலாம். எனக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் குறித்துவைக்கும் எனக்கு அது நினைவில்லை.

“தெரியல புஷ்பம். பழைய அட்டையத் தேடிப் பாக்குறேன்.”

“தேடுங்க மிஸி. கெடைச்சா சொல்லுங்க. கெடைக்காட்டியும் சொல்லுங்க.”

தேடினேன். பேற்றுக்குப் போகும்போது கர்ப்பிணி அட்டை ஆஸ்பத்திரியோடு போய்விடும். அங்கே இரண்டு முறை போய்க் கேட்டேன். பழைய கட்டுகளில் அது இல்லை. மருந்தகத்தில் அந்த ஆண்டுப் பதிவேடு இருந்தது. ஆனால் புதுத் தகரம் போடுவதற்கு முந்திய ஒழுக்கில் நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போலாகியிருந்தன. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றுப் போகும்போது இன்னொரு முறை நீராவியில் காட்டிப் பிரித்துப் பார்த்தேன். மை இல்லை.

புஷ்பம் இப்போது ஹாலிஎலயில் இருக்கிறார். போன மாதம் கொப்பியை இரவல் வாங்கப் போனபோது, கட்டுரையில் பெயரை மாற்றிவிடவா என்று கேட்டேன். “எதுக்கு மாத்தணும்? கொப்பியில எம் பேருதானே இருக்கு” என்றார். பத்திரிகை வாங்கி, இந்தத் தொடரை வாரா வாரம் தானே வாசிக்கிறார். மகள் வாசித்துக் காட்ட வந்தால் விடுவதில்லையாம்.

ஆகவே நேரில் சொல்லாமலே விட்டதை அவருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். புஷ்பம், கிடைக்கவில்லை. உங்கள் முதல் குழந்தை வயிற்றில் இருந்த மாதங்களில் உங்கள் இரத்தம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.